ஓர் எச்சமும் ஓர் உயிரும்

கொலை வழக்குகள் மக்கள் நாவில் நெடுங்காலம் உலவுவன. வழக்கு முடிந்து, அதில் தொடர்புற்றோர் மறைந்து, அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் அவற்றைப் பேசுவார் உளர். அப்பேச்சில் ஒரு வினாவே திரும்பத் திரும்ப எழக் காண்கிறோம்: ‘செய்தானா, செய்யவில்லையா?’ தீர்ப்புக் கூற அமர்ந்தோர் அம்முடிவிற்கு எவ்வாறு வந்தனர், அவர்க்கு வழிகாட்டிய சொல் யாது, அச்சொல் நேரியதா என்னும் வினாக்கள் எழுவது அருமை. அப்பீல் கேட்கும் மன்றங்களோ பெரும்பாலும் இப்பின்னைய வினாக்களையே ஆராய்கின்றன. இவ்வேறுபாட்டை உணராமையால் வழக்கு வரலாறுகளைப் பிழைபடச் சொல்கிறோம். நம் சிலப்பதிகாரத்தையும் பாதியே படிக்கிறோம். இவ்விரண்டும் ஒரே குறையின் இரு பக்கங்கள் என்பதை ஈண்டு நோக்குவோம்.

பாகவதர் வழக்கு

தமிழர் அறிந்த வழக்குகளுள் லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப்போல் பேசப்பட்டது பிறிதொன்றில்லை. 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரிப் பகுதியில் ரிக்ஷாவில் சென்றுகொண்டிருந்த ‘இந்து நேசன்’ ஆசிரியர் சி. என். லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். திரையுலகத்தாரின் அந்தரங்க வாழ்வை அம்பலப்படுத்தி எழுதியதால் பலருடைய பகையைத் தேடிக்கொண்ட ஏடு அவருடையது. அக்கொலைக்குச் சதி செய்ததாக எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், கோவைப் படத்தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோரும் வேறு சிலரும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிக்கொண்டிருக்க, பாடியவர் சிறையில் இருந்தார்.

1945இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் வழக்கு நடந்தது. உண்மை எது என்று முடிவு செய்தவர்கள் ஒன்பது ஜூரிகள். அவர்களுள் அறுவர் குற்றவாளிகள் என்றனர், மூவர் உடன்படவில்லை. பெரும்பான்மை முடிவின்படி பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நாயுடு விடுதலையானார். உயர்நீதிமன்றத்தில் செய்த அப்பீல் தோற்றது. பின்னர் இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்கு வழக்குச் சென்றது. அம்மன்றம் வழக்கை மீண்டும் கேட்குமாறு சென்னைக்கே திருப்பி அனுப்பியது. நீதிபதிகள் ஹாப்பல், சகாபுதீன் ஆகிய இருவரும் சாட்சியங்களைப் புதிதாக எடைபோட்டு, 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தனர். அதற்குள் சிறையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன.

இவ்வரலாற்றைச் சொல்வோர் இரு வகையாகச் சொல்வர். ‘சீமைக் கோர்ட்டு காப்பாற்றியது’ என்பார் ஒரு சாரார். ‘எத்திராஜின் வாதத் திறமை காப்பாற்றியது’ என்பார் மற்றொரு சாரார். இறுதி விசாரணையில் வி. எல். எத்திராஜ் வாதாடியது உண்மையே. அவர் திறமையை மறுப்பார் இலர். ஆயின் இவ்விரு கூற்றும் வழக்கின் நடுவிடத்தைத் தொடவில்லை. குற்றத்தில் தானும் பங்குகொண்டதாகச் சொல்லி அரசுத் தரப்புச் சாட்சியாக மாறுபவரை ‘அப்ரூவர்’ என்பர். இவ்வழக்கில் அத்தகைய ஒருவரின் வாக்கு பெரும்பங்கு பெற்றது. தன் உயிரைக் காக்கப் பிறர்மீது பழி சுமத்தும் ஆசை அவனுக்கு உண்டாதலின், வேறு சான்று துணை நின்றாலன்றி அவன் சொல்லை நம்புவது ஆபத்து என்று ஜூரிகளுக்கு எடுத்துரைப்பது நீதிபதியின் கடமை. கேட்பவர் எச்சரிக்கையோடு கேட்டனரா என்பதே இத்தகைய வழக்குகளின் உயிர்நிலை.

அறிவுரை என்னும் பொறுப்பு

ஜூரி முறையில் வேலை இரண்டாகப் பிரிந்தது. சட்டம் இன்னது என்று சொல்வது நீதிபதியின் பங்கு. நடந்தது இன்னது என்று துணிவது ஜூரிகளின் பங்கு. கடைக்காரரும் கணக்கரும் பொறியாளருமாக வந்து அமர்ந்த ஜூரிகளுக்குச் சட்டம் தெரியாது. ஆதலின் இரு தரப்பு வாதமும் முடிந்தபின் நீதிபதி சாட்சியங்களைத் தொகுத்துச் சொல்லி, எதை எவ்வாறு எடைபோட வேண்டும் என்று அறிவுரை வழங்குவார். அதைக் கேட்டபின் அவர்கள் தனியறைக்குச் சென்று கலந்து முடிவு செய்வர். காரணம் கூற வேண்டியதில்லை; ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற சொல்லோடு அவர்கள் வேலை முடிந்தது.

காரணம் கூறாத தீர்ப்பை எவ்வாறு சோதிப்பது? அதற்கு இருந்த வாயில் நீதிபதியின் அறிவுரை ஒன்றே. இந்தியாவின் 1898ஆம் ஆண்டுக் குற்ற விசாரணைச் சட்டம் இதனைத் தெளிவாகவே வகுத்தது. ஜூரி விசாரித்த வழக்கில் சட்டப் பிழை பற்றியே அப்பீல் செய்யலாம் என்றது 418ஆம் பிரிவு. நீதிபதி தவறாக அறிவுறுத்தியதாலோ, அவர் சொன்ன சட்டத்தை ஜூரிகள் தவறாகப் புரிந்துகொண்டதாலோ தீர்ப்புப் பிழைபட்டிருந்தாலன்றி அதை மாற்றலாகாது என்றது 423ஆம் பிரிவு. உயர்நீதிமன்றமே நேரில் ஜூரியுடன் விசாரித்த வழக்குகளில் பொதுவான அப்பீல் உரிமைகூட 1943இல்தான் 411-அ பிரிவு வாயிலாக வந்தது. உண்மை பற்றிய அப்பீலுக்கு அனுமதியும் வேண்டும். பாகவதரும் கிருஷ்ணனும் நடந்த வழி, அவர்கள் கைதாவதற்கு ஓராண்டிற்கு முன்னரே திறக்கப்பட்ட புதுவழி என்பதைப் பேசுவார் அரியர்.

சீமையில் ஒரு கூலியாள்

தவறான அறிவுரை எத்தகையது என்பதற்குச் சிறந்த சான்று இங்கிலாந்தில் நிகழ்ந்த உல்மிங்டன் வழக்கு. ரெஜினால்டு உல்மிங்டன் இருபத்தொரு வயதுப் பண்ணைக் கூலியாள். அவனைப் பிரிந்து தாய்வீடு சென்றிருந்த இளம் மனைவி, 1934 டிசம்பர் 10ஆம் நாள் அவன் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து இறந்தாள். ‘என்னோடு வராவிட்டால் என்னையே சுட்டுக்கொள்வேன் என்று காட்டவே துப்பாக்கியை எடுத்துச் சென்றேன், அது தானாக வெடித்துவிட்டது’ என்றான் அவன். முதல் விசாரணையில் ஜூரிகள் ஒருமனப்படவில்லை. 1935இல் நடந்த இரண்டாம் விசாரணையில் நீதிபதி சுவிஃப்ட், அவன் கையால் அவள் இறந்தாள் என்று மெய்ப்பித்துவிட்டால் போதும்; அது கொலையன்று என்று காட்டும் சுமை அவனுடையது என்ற கருத்தில் ஜூரிகளுக்கு அறிவுறுத்தினார். ஜூரிகள் குற்றவாளி என்றனர். மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அப்பீல் நீதிமன்றம் கைவிட்டது. பிரபுக்கள் சபையில் சாங்கி பிரபு அத்தீர்ப்பைக் கவிழ்த்தார். மெய்ப்பிக்கும் சுமை தொடக்கம் முதல் இறுதிவரை குற்றஞ்சாட்டிய அரசுத் தரப்பையே சாரும். ஐயம் எஞ்சினால் அதன் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கே என்று அவர் நிலைநாட்டினார். உல்மிங்டன் உண்மையில் சுட்டானா என்பது பற்றி அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது கருதத்தக்கது. பன்னிருவர் காதில் விழுந்த ஒரு சொல் சுமையை இடம் மாற்றிவிட்டது. அதனைப் பழைய இடத்தில் வைத்தார், அவ்வளவே. அதனால் ஒரு கூலியாளின் கழுத்துத் தப்பியது. ஆங்கிலச் சட்டம் பரவிய நாடுகள் எல்லாவற்றிற்கும் அது அடிப்படை விதியாயிற்று.

தவறான அறிவுரை தண்டிக்க மட்டும் செய்யும் என்பதில்லை, விடுவிக்கவும் செய்யும். பம்பாயில் 1959 ஏப்ரல் 27ஆம் நாள் பிரேம் அகூஜாவைச் சுட்ட கடற்படை அதிகாரி நானாவதியை எண்மர் குற்றமற்றவர் என்றனர், ஒருவரே மறுத்தார். விசாரித்த நீதிபதி அம்முடிவை ஏற்காமல் உயர்நீதிமன்றத்திற்கு அனுப்பினார். அம்மன்றமோ அந்நீதிபதியின் அறிவுரையிலேயே பிழைகள் இருத்தலைக் கண்டது. ‘தற்செயலாக நேர்ந்தது’ என்று சொல்பவன் அதற்குரிய சூழலைக் காட்ட வேண்டும் என்ற சட்டம் ஜூரிகளுக்குச் செவ்வனே சொல்லப்படவில்லை. 1961 நவம்பர் 24ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றத்தில் நீதிபதி சுப்பாராவ் எழுதிய தீர்ப்பு அதனை உறுதி செய்தது. அவ்வழக்கோடு இந்தியாவில் ஜூரி முறை முடிந்தது என்று பலரும் எழுதுவது மிகை. அதன் பின்னரும் அது சில இடங்களில் நீடித்து, 1973ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே முற்றும் நீங்கியது.

மலாயாவில் சுப்பிரமணியம்

மலாயாவும் இவ்வாராய்ச்சிக்குப் பங்களித்தது என்பதை நம்மவர் மறத்தலாகாது. அவசர காலத்தில், 1955 ஏப்ரல் 29ஆம் நாள், ஜொகூர் ரெங்கம் வட்டாரத்தில் காயமுற்ற நிலையில் சுப்பிரமணியம் என்பவர் பாதுகாப்புப் படையினர் கையில் அகப்பட்டார். அவரிடம் தோட்டாக்கள் இருந்தன. அக்காலச் சட்டப்படி அதுவே மரண தண்டனைக்குரிய குற்றம். ‘பயங்கரவாதிகள் என்னைப் பிடித்து அச்சுறுத்தினர்’ என்று அவர் சொல்ல முற்பட்டார். அவர்கள் சொன்னது என்ன என்று சொல்ல வாயெடுத்தபோது, அது பிறர் வாய்க் கேட்ட செய்தி, சாட்சியமாகாது என்று நீதிபதி தடுத்துவிட்டார். இங்கு ஜூரி இல்லை. நீதிபதியோடு உதவி நடுவர் இருவர் அமர்ந்திருந்தனர். மரண தண்டனை விதிக்கப்பட்டது.

1956இல் பிரிவி கவுன்சில் அதனை நீக்கியது. தீர்ப்பைக் கூறியவர் இலங்கையரான எல். எம். டி. டி சில்வா. பயங்கரவாதிகள் சொன்னது மெய்யா பொய்யா என்பது ஈண்டுப் பொருளன்று; அவ்வாறு சொன்னார்களா, கேட்டவன் அஞ்சினானா என்பதே பொருள்; ஆகவே அதைச் சொல்லவிட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். நடுவர் காதுக்குத் தகாத சொல்லைச் செலுத்துவது ஒரு பிழையாயின், சேர வேண்டிய சொல்லைத் தடுப்பதும் அதற்கு நிகரான பிழையே.

கொலைக்களக் காதை

இனிச் சிலப்பதிகாரத்திற்கு வருவோம். பள்ளி மேடைகளில் கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைக்கும் காட்சி நாடகமாக நடிக்கப்படுவதைக் காணாத தமிழாசிரியர் இலர். சுங்கை லாலாங்கானாலும் சுங்கை பட்டாணியானாலும், சிலம்பு உடைகின்ற இடத்தில் கைதட்டல் எழாமல் இராது. அதற்கு முந்திய கொலைக்களக் காதையையோ நாடகமாக்குவார் அரியர். வழக்கின் பிழை அங்கேதான் நிகழ்கிறது.

அரசியின் ஊடல் தீர்க்க அந்தப்புரம் நோக்கிச் செல்கிறான் பாண்டியன். வழியில் பொற்கொல்லன் வீழ்ந்து வணங்கி, சிலம்பு திருடியவன் தன் குடிலருகே இருக்கிறான் என்கிறான். ஆராயாமல் காவலரை அழைத்து ஓர் ஆணை இடுகிறான் மன்னன். காணாமற்போன சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின், அவனைக் கொன்று அதனைக் கொண்டு வருக என்பது அவ்வாணையின் பொருள். இதில் இரு பிழைகள் உள. ‘இருக்குமாயின்’ என்று ஐயுறவோடு பேசுபவன், அதே வாயால் அவனைக் ‘கள்வன்’ என்று முன்னரே பெயரிட்டுவிட்டான். பொருள் கையில் இருந்தால் போதும், களவு முடிந்த முடிபு. தன் பொருளே என்று காட்ட அவனுக்கு இடமில்லை. நீதிபதி சுவிஃப்ட் செய்ததும் இதுவே அன்றோ?

இரண்டாவது பிழை இலக்கணத்தில் உளது. மன்னன் ‘கொல்ல’ என்று சொல்லக் கருதி, ஊழ் துரத்தலால் ‘கொன்று’ என்று சொல்லிவிட்டான் என்று உரையாசிரியர் விளக்கம் தருவர். இதனை வெறும் சமாதானம் என்று தள்ளுவாரும் உளர். சற்றே நின்று நோக்கின் அதன் ஆழம் விளங்கும். ‘கொல்ல’ என்பது செய என்னும் வாய்பாட்டு எச்சம். அச்சொல்லாயின், கொல்லுதற்பொருட்டுச் சிலம்பு முதலில் மன்னனிடம் வரும். அரசியின் எஞ்சிய சிலம்போடு ஒப்பிடப்படும். உள்ளிருப்பது முத்தா மாணிக்கமா என்பது அன்றே வெளிப்படும். ‘கொன்று’ என்பது செய்து என்னும் வாய்பாட்டு எச்சம். அச்சொல்லால் உயிர் முதலில் போய்விடும். ஆராய்ச்சி பின்னால் வரும். எச்சம் ஒன்று மாறியதால் விசாரணையும் தண்டனையும் இடம் மாறின. தவறான அறிவுரை என்று அப்பீல் மன்றங்கள் சொல்வதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எந்நாட்டுச் சட்ட நூலிலும் கிடைப்பது அரிது.

காவலர் நடந்துகொண்ட முறையும் ஓர் ஜூரி அறையை ஒத்தது. கோவலனைக் கண்டதும் இவன் கொலைக்குரிய கள்வன் அல்லன் என்று அவர்கட்குத் தோன்றுகிறது. ஐயம் பிறந்துவிட்டது, முறையான நடுவர் ஆயின் அங்கே நின்றிருப்பர். பொற்கொல்லன் அவர்களை நகைத்து, கள்வர் நூலைப் போதிக்கத் தொடங்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டும் கள்வர்க்குத் துணை என்கிறான். தூதுவன் கோலத்தில் வந்து முன்னொருவன் களவாடிய கதையைச் சொல்கிறான். அதைக் கேட்ட காவலருள் ஓர் இளைஞன், மழைக்கால நள்ளிரவில் தன் கைவாளைப் பறித்துக்கொண்டு மறைந்த ஒரு திருடனை நினைவுகூர்கிறான். இவற்றுள் ஒன்றேனும் கோவலனைப் பற்றியதா? இல்லை. பிறிதொரு கள்வன் வல்லவனாய் இருந்தமையால் இவனும் கள்வன் என்று ஆகிவிடாது. ஆயினும் கதைகள் ஐயத்தை அரித்துவிட்டன. பேச்சு முடியுமுன்னே கல்லாதான் ஒருவன் வாளை வீசிவிட்டான்.

நம்மில் பலர் பொற்கொல்லனைப் பொய்யன் என்று கூறி முடித்துவிடுவர். அவன் கோவலனைப் பற்றிச் சொன்னது பொய். கள்வரின் பொது இயல்பாக அவன் சொன்னவை அக்காலத்தார் நம்பியவையே. பொருத்தமில்லாத மெய், பொய்யினும் கொடியதாகலாம் என்பதை இளங்கோவடிகள் நன்கு அறிந்திருந்தார். அதனாலேயே இத்துணை நீண்ட உரையாடலை அக்கொலைக்கு முன் அமைத்தார் எனலாம்.

ஊழும் அறிவும்

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பது காப்பியத்தின் கொள்கை. அதில் சட்ட நுணுக்கம் தேடுதல் பொருந்துமோ என்பர். ஊழே காரணமாயின் கோவலன்மீது சுவர் இடிந்து வீழ்ந்திருக்கலாம், பாம்பு தீண்டியிருக்கலாம். கவிஞர் அவற்றைத் தேர்ந்தாரல்லர். ஒரு வேந்தனின் விரைந்த சொல், ஒரு வஞ்சகனின் போதனை, ஒரு காவலனின் கதை, ஒரு கல்லாதவனின் வாள் என்று படிப்படியாக மனிதர் கைவழியே ஊழை நடத்தினார். வழக்குரை காதையில் பாண்டியன் தன்மீது சாட்டும் குற்றமும் இதற்குச் சான்று. குற்றமற்றவனைக் கொன்றேன் என்பதோடு அவன் நிற்கவில்லை. பொற்கொல்லன் சொல்லைக் கேட்டதையே தன் குற்றமாக எடுத்துரைக்கிறான். கேட்ட பிழையை ஒப்புக்கொண்ட அப்பீல் தீர்ப்பு அது. கேட்க வேண்டியவன் உயிரோடு இல்லை என்பதே குறை.

தோட்டப்புறத்தில் வாழ்ந்தோர்க்கு இதனை விளக்க வேறு உவமை வேண்டுவதில்லை. தொழிலாளியின் மொழி அறியாத துரை அமர்ந்திருப்பார். தொழிலாளி ஒருபுறம் நிற்பான். இடையில் நின்று கங்காணியோ கிராணியோ ‘நடந்தது இது’ என்று எடுத்துச் சொல்வார். இடையில் நின்றவர் சொல் நேராயின் பிழைப்பு. கோணினால் வேலை போயிற்று. துரை நல்லவரா கெட்டவரா என்பதைக் காட்டிலும், அவர் காதுக்குச் சென்ற சொல் எத்தகையது என்பதே அன்று பல குடும்பங்களின் கதியை உறுதி செய்தது.

எஞ்சி நிற்கும் கடமை

ஜூரி முறை சிங்கப்பூரில் 1970 முதலும் மலேசியாவில் 1995 முதலும் இல்லை. இன்று நீதிபதி ஒருவரே சட்டமும் உண்மையும் துணிகிறார். அதனால் அறிவுரை தேவையற்றதாகிவிடவில்லை. அது வெளியிலிருந்து உள்ளே சென்றுவிட்டது. நீதிபதி தமக்குத்தாமே சரியான முறையில் அறிவுறுத்திக்கொண்டாரா என்பதை இன்றும் அப்பீலில் ஆராய்கின்றனர். ஜூரியைப்போலன்றி அவர் காரணங்களை எழுதவேண்டும் என்பதால் அவ்வாராய்ச்சி முன்னினும் எளிதாயிற்று.

பொதுமக்கள் என்னும் பெரிய ஜூரியோ அறிவுரை பெறாமலே தீர்ப்புச் சொல்கிறது. கிருஷ்ணன் மீண்டு வந்து புகழோடு வாழ்ந்து 1957இல் மறைந்தார். பாகவதர்க்கோ விடுதலைக்குப் பின் பழைய செல்வாக்குத் திரும்பவில்லை, 1959இல் மறைந்தார். இருவரையும் விடுவித்தது ஒரே தீர்ப்பு. அத்தீர்ப்பைப் படித்தறியாமல் ‘செய்தார்’ என்றும் ‘செய்யவில்லை’ என்றும் வாதிடுவோர் இன்றும் உளர்.

இந்நிலையில் தமிழாசிரியர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிலம்பு உடையும் காட்சியைக் கற்பிக்குமுன் அரசன் ஆணையையும் காவலர் உரையாடலையும் மாணவரிடம் விரித்துரைக்க வேண்டும். ‘கொன்று’, ‘கொல்ல’ என்ற இரு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, எது முன், எது பின் என்று அவர்களையே சொல்லச் செய்ய வேண்டும். எச்சங்களின் வாய்பாடு தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் வறண்ட பாடம் என்று எண்ணும் மாணவனுக்கு, அது ஓர் உயிரின் அளவு கனமுடையது என்பது அன்று விளங்கும். கண்ணகியின் சினத்தை வியந்து கைதட்டுவதோடு நில்லாமல், அச்சினம் எழாதிருக்க எந்தச் சொல்லை எவ்விடத்தில் திருத்தியிருக்க வேண்டும் என்று வினவவும் அவன் கற்றுக்கொள்வான்.